ஐஸ் கட்டியும் ஐப்பசியும்: கோரிடோராஸ் கெளுத்தியின் திணை குறித்து ஓர் ஆய்வு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆய்வுக்களம், எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டி. கொள்ளளவு சுமார் 50 லிட்டர். ஆய்வுக்குட்பட்ட உயிர்கள் ஆறு. நெறியாளர், கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர். காலம், ஆவணி தொடங்கி ஐப்பசி முடிய. நிதிநல்கை, மனைவியின் கவனத்துக்கு வராத அளவில் என் சட்டைப்பை.

ஆய்வுப்பொருளின் பெயரிலேயே சிக்கல். 1803இல் பிரெஞ்சு அறிஞர் லசேபெத் இந்தப் பேரினத்துக்குக் கோரிடோராஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'கோரிஸ்' என்றால் தலைக்கவசம். செதிலுக்குப் பதிலாக விலாவில் இருபுறமும் இரண்டிரண்டு வரிசை எலும்புத் தகடு, தலையிலும் கவசம். ஹெல்மெட்டை ஒருபோதும் கழற்றாத உயிர் என்ற வகையில் சென்னையில் இதற்கு நிகரில்லை. நான் வளர்ப்பது ஏனியஸ் என்னும் வெண்கல நிறத்து இனம். 2024இல் வெளியான மறுவகைப்பாடு இதைக் கோரிடோராஸிலிருந்து பிரித்து ஆஸ்டியோகாஸ்டர் என்னும் பேரினத்தில் சேர்த்துவிட்டது. கெசட்டில் பெயர் மாறினாலும் ரேஷன் கார்டில் பழைய பெயரே நிற்பதுபோல, கடையில் இது இன்னமும் 'கோரி'தான். கட்டுரையாளனும் கடைக்காரர் கட்சி.

மாற்றுக் கருத்தும் பதிவாக வேண்டும். மதுரைக்காரரான என் அம்மா தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "அயிரைன்னும் சொல்ல முடியல, கெளுத்தின்னா மீசை பத்தல. ஏண்டா, இது குழம்புக்கு ஆகுமா?" என்றார். இரண்டரை அங்குல நீளம், உடம்பெல்லாம் தகடு, துடுப்பில் முள். ஆகாது என்றேன். "அப்ப எதுக்கு வாங்குன?" என்பது அடுத்த வினா. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முன்னாய்வுகள் பல. டார்வின் பீகிள் கப்பலில் போனபோது சேகரித்த மீன்களில் பலியாட்டஸ் என்னும் புள்ளிக் கோரியும் ஒன்று. 1842இல் ஜெனின்ஸ் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். 1878இலேயே பாரிஸில் கார்போனியே என்பவர் அதைத் தொட்டியில் முட்டையிட வைத்துவிட்டார். பாரிஸ் குளிரில் யார்தான் வைக்க மாட்டார்கள்?

இனி, கருதுகோளுக்கு வருவோம். தென் அமெரிக்க ஆறுகளில் மழைக்காலம் தொடங்கிக் குளிர்ந்த புதுவெள்ளம் வரும்போது கோரி முட்டையிடும். ஆகவே தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதைவிட நான்கு டிகிரி குளிர்ந்த நீரை ஊற்றினால் மீன் மழை என்று நம்பிவிடும். உலகெங்கும் வளர்ப்போர் செய்வது இதுதான். நெறியாளரும் ஆமோதித்தார். "பொம்பள ஒன்னுக்கு ஆம்பள ரெண்டு போடுங்க சார். மேலேர்ந்து பாருங்க, உருண்டையா இருக்கறது பொம்பள. புழு குடுங்க, பச்சத்தண்ணி ஊத்துங்க, அதுவா போடும்."

ஏனியஸுக்கு உகந்தது 22 முதல் 26 டிகிரி. ஆவணி மாதச் சென்னையில் என் தொட்டி 30 டிகிரி. எங்கள் தெரு போர் தண்ணீரோ பக்கெட்டில் வெள்ளைப் படிவம் விடும் ரகம். எனவே கேன் தண்ணீர் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் ஐஸ் கட்டிகளை முடிந்து மிதக்கவிட்டேன். பூவாளியால் மேலிருந்து தூறலும் போட்டேன். மீன்கள் ஓரமாக ஒதுங்கி, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தன. கோரிக்குக் கண் உருளும். பார்ப்பதற்குக் கண்ணடிப்பதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் அது ஆய்வாளனை மதிக்கும் செய்கையாகத் தெரியவில்லை.

ஏழு வாரம் இப்படி. "ஏங்க, ஃப்ரீசர்ல ஒரு ஐஸ் கட்டிகூட இல்ல. பால்கோவா பக்கத்துல இது என்ன செவப்பா?" உறைய வைத்த ரத்தப்புழு என்று சொன்ன நாளிலிருந்து பால்கோவா முழுவதும் எனக்கே வந்தது. ஆவணியும் புரட்டாசியும் தமிழ் இலக்கணப்படி கார்காலம். அதற்குரிய திணை முல்லை. முல்லையின் உரிப்பொருள் காத்திருத்தல். என் ஆய்வு இலக்கணம் பிசகாமல்தான் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை. இரவெல்லாம் மழை, கரண்ட் கட், ஃபில்டர் ஓடவில்லை. கோரிகள் ஒவ்வொன்றாக மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கின. விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் மீன் இது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நாளை ஆறும் போய்விடும் என்றெண்ணிப் படுத்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்குத் தொட்டியில் கல்யாணக் களை. பெண்ணை இரண்டு ஆண்கள் துரத்துகின்றன. திடீரென ஓர் ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் அடிவயிற்றில் வாயைப் பதித்து அசையாமல் நின்றது. 1995இல் மசனோரி கோடாவும் சக ஜப்பானிய ஆய்வாளர்களும் இந்த ஏனியஸிலேயே கண்டு எழுதியது இதைத்தான்: பெண், ஆணின் விந்தைக் குடிக்கிறது. அது குடல் வழியே விரைந்து கடந்து வெளியேறி முட்டைகளைக் கருவுறச் செய்கிறது. காற்றும் அவ்வழி, கருவும் அவ்வழி. கோரியின் குடல் ஒரு பொதுப்பணித் துறை. பிறகு அந்தப் பெண் அடித்துடுப்பு இரண்டையும் மடிப்பிச்சை ஏந்துவதுபோல் குவித்து, அதில் மூன்று நான்கு முட்டைகளைச் சுமந்து, கண்ணாடியில் ஓரிடத்தை வாயால் துடைத்துவிட்டு ஒட்டியது. மறுபடி துரத்தல், மறுபடி ஒட்டல். பத்து மணிக்கு எண்ணினேன்: 61.

அம்மா வந்து பார்த்து, "யாருடா ஜவ்வரிசியைக் கொட்டினது?" என்றார்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், கூதிர் குறிஞ்சிக்குரியது, குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். மலையே பார்க்காமல் மணலைக் கிளறும் மீன் குறிஞ்சித் திணை என்பது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. நேரம் மட்டும் இடிக்கிறது. குறிஞ்சிக்கு நள்ளிரவு, இவை விடியலைத் தேர்ந்தன. விடியல் மருதத்துக்குரியது, அங்கே உரிப்பொருள் ஊடல். ஊடலும் வந்தது, தொட்டிக்கு வெளியே. முட்டைகளைப் பெற்றவர்களே தின்னத் தொடங்கியதால் ஏடிஎம் அட்டையால் வழித்து, கைக்குக் கிடைத்த டப்பாவில் போட்டு, பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் புளூ இரண்டு சொட்டு விட்டேன். அது மாவு டப்பா. இன்றும் நீலமாகவே இருக்கிறது.

தப்பியவை 48. பதினேழு வெள்ளையாகிப் பூஞ்சை பூத்தன. மற்றவை தேன் நிறமாகி நான்காம் நாள் பொரிந்தன. இரண்டு நாள் மஞ்சள்கருப் பையிலேயே பசியாறிவிட்டு, பிறகு ஆர்ட்டீமியா என்னும் நுண் இறாலின் குஞ்சுகளைக் கேட்டன. உப்புநீரில் ஆர்ட்டீமியா பொரிக்க வைப்பது தனி ஆய்வேடு. டப்பாவின் அடியில் மிச்ச உணவு அழுகியதால் ஒரே இரவில் ஒன்பது போயின. அந்தப் பகுதியை நெய்தல் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஐஸ் கட்டி பயன்பட்டதா என்பதில் ஆய்வாளனுக்கும் வீட்டுக்காரிக்கும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. ஏழு வாரத் தயாரிப்பு என்கிறேன் நான். "மழை பெஞ்சுது, போட்டுச்சு" என்கிறாள் அவள். நெறியாளர் அவள் பக்கம்.

இப்போது விரற்கடை நீளத்தில் பதினொரு குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. 50 லிட்டர் தொட்டி இத்தனை பேருக்குத் தாங்காது. வேண்டுவோர் மூடியுள்ள பாத்திரத்தோடு வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். மழை நாளில் மட்டும் வர வேண்டாம். பெரியவை வேலையாக இருக்கும்.