பலாங்கொடைக் கல்லும் பிளந்த அணுவும்

யுரேனியத்துக்கும் எங்கள் மலைநாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா, ஐயா?
– மாணவி, ஹப்புத்தளை

நன்றாகவே உண்டு, தங்கச்சி. உங்கள் ஊரிலிருந்து கொழும்பு வீதியில் ஹல்துமுல்லை தாண்டி இறங்கினால் பலாங்கொடை. அந்தப் பக்கத்து இரத்தினக்கல் சரளையில் கனத்த கறுப்புக் கற்கள் கிடைத்தன. 1904இல் அவற்றை ஆராய்ச்சிக்கு எடுத்தவர் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் நடராசர் தாண்டவத்தைப் பற்றி எழுதினாரே, அவரேதான். யுரேனியத் தாது என்றுதான் முதலில் எண்ணினார்கள். லண்டனில் பகுத்துப் பார்த்தால் பெரும்பகுதி தோரியம், கூடவே யுரேனியம். தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. அந்தக் கல் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கும் போனது. அங்கே வேலை பழக வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர், 1905இல் அதிலிருந்து ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். கதிரியக்கத்துக்குள் அவர் நுழைந்த வாசலே நம் கல்தான். 1938 டிசம்பரில் பெர்லினில் சக வேதியியலாளர் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து, யுரேனியம் பிளக்கிறது என்பதற்கான சான்றைப் பிடித்தவரும் அதே ஹான். ஊவாப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் சொல்லித்தர வேண்டிய கதை இது.

பிளப்பது என்றால்? கண்ணுக்கே தெரியாத அணுவை யார் பிளக்கிறார்கள்?
– பசறை வாசகர்

ஒரு நியூத்திரன் போதும். தேயிலைக் கொழுந்தின் நுனியில் தொங்கும் பனித்துளியை லேசாகத் தட்டினால் அது நீண்டு, இடை மெலிந்து, இரண்டாகிறது அல்லவா? யுரேனியம்-235இன் கருவும் அப்படித்தான். ஹானின் முடிவைக் கேட்டதும் இயற்பியலாளர் லீசே மைட்னரும் அவர் சகோதரியின் மகன் ஃப்ரிஷும் கருவைத் துளியாக நினைத்துப் பார்த்தே விடை கண்டார்கள். கருவுக்குள் 92 புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. இடை மெலிந்ததும் தள்ளும் விசை வென்றுவிடும்; இரு துண்டுகளும் பேய்வேகத்தில் பறக்கும். அந்த வேகம்தான் வெப்பமாகிறது. துண்டுகளோடு இரண்டு மூன்று நியூத்திரன்களும் வெளியேறும். அவற்றில் ஒன்று அடுத்த கருவைத் தட்டினால், தொடர்வினை.

எவ்வளவு சக்தி வரும்? கணக்காகச் சொல்லுங்கள்.
– மடுல்சீமை வாசகர்

ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் ஏறத்தாழ 22,800 யுனிட் வெப்பம். மூன்றில் ஒரு பங்கு மின்சாரமானாலும் 7,500 யுனிட் தேறும். மாதம் 60 யுனிட் எரிக்கும் லயன் வீட்டுக்குப் பத்து வருடம் காணும்!

அப்படியென்றால் சரளைக் குழியில் இருக்கும் கல் வெடிக்காதா?
– தெமோதரை வாசகி

வெடிக்காது, அக்கா. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் 235 வகை 0.7 சதவீதம்தான், மற்றதெல்லாம் 238. கல்லுக்குள் பிறக்கும் நியூத்திரன் வேறெதிலாவது சிக்கிக்கொள்ளும், அல்லது வெளியே ஓடிவிடும். கல்லில் நடப்பது மெதுவான சிதைவு மட்டுமே. யுரேனியம்-238இல் பாதி சிதைய 447 கோடி வருடம் வேண்டும். ஆனால் அந்தக் கறுப்புக் கல் கதிரியக்கம் உள்ளது. அழகாக இருக்கிறதென்று தலைமாட்டில் வைக்க வேண்டாம்.

தோரியத்தை எரித்து நாமே மின்சாரம் எடுக்கலாமே?
– லுணுகலை வாசகர்

தோரியம் தானாகத் தொடர்வினையை நடத்தாது, தம்பி. அது ஒரு நியூத்திரனை விழுங்கி, யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே பயன்படும். தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய ஆய்வு உலை யுரேனியம்-233இல் இயங்கியது. அதன் திறன் 30 கிலோவாட்.

இலங்கைக்கு அணுமின் நிலையம் வந்தால் ஆதரிப்பீர்களா?
– பண்டாரவளை வாசகி

அணு உலை புகை விடாது. அது பெரிய நன்மை. ஆனால் உமா ஓயாச் சுரங்கம் வெட்டியபோது கிணறு வற்றிய ஊர் உங்களுடையது. எனவே எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன். அதிலுள்ள சீசியம்-137 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையவே 300 வருடம் ஆகும். இடத்தின் பெயரையும் காவலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதையும் எழுத்தில் தரட்டும். பிறகு பேசுவோம்.