கோவலன் வெட்டுண்ட ஊரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கொலைகாரனுக்குத் தூக்குதானே நியாயம்? மனித உரிமை பேசுகிறவர்கள் செத்தவன் குடும்பத்தை நினைக்கவே மாட்டார்களா?
– வாசகர் ஒருவர், ஆரப்பாளையம், மதுரை.

பதில்: நினைக்கத்தான் வேண்டும். 550ஆம் குறளில் வள்ளுவரே உங்கள் கட்சிதான். ஆனாலும் கேட்பவர் மதுரைக்காரர் ஆயிற்றே! தீர விசாரிக்காமல் கோவலனை வெட்டச் சொன்னது எந்த ஊர் ராஜா?

அது பழங்கதை என்பீர்கள். சரி, ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளன்? 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளே குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அவர் சொன்னதை முழுசாக எழுதவில்லை என்று, வாக்குமூலம் வாங்கிய சி.பி.ஐ. அதிகாரியே 2013இல் வாய் திறந்தார். அதுவும் ஓய்வு பெற்ற பிறகு! பாண்டியனாவது சிலம்பு உடைந்ததும் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது; 2022இல் பேரறிவாளன் வீடு திரும்பினார்.

கொலைகாரனை ஆயுளுக்கும் உள்ளே வையுங்கள், ஆட்சேபம் இல்லை. கயிறு மட்டும் வேண்டாம்.