கறுத்த எண்ணெயின் கதகதப்பு

அமெரிக்காவின் மெயின், வெர்மான்ட் பக்கம் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கப் பலரும் எண்ணெய் வாங்குகிறார்கள். மானமுள்ள சிலர் மட்டும் வாங்குவதில்லை. உணவகத்தின் பின்வாசலில் காத்திருந்து, உருளைக்கிழங்கு வறுத்துக் கறுத்த எண்ணெயைப் பெற்று வருகிறார்கள். முற்றிலும் இலவசம்! வடிகட்டி, 55 டிகிரிக்குச் சூடாக்கி, 100 லிட்டருக்கு 20 லிட்டர் மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் காசு கொடுத்து வாங்கிக் கலந்தால் பயோடீசல் தயார். மெத்தனால் ஆவி நஞ்சு, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனாலென்ன? கார் ஷெட் எதற்கு இருக்கிறது? கார் பனியில் நின்றுகொள்ளும்.

அடியில் பழுப்பாகத் தங்கும் கிளிசரினையும் வீணாக்குவதில்லை. சோப்பாக்கி, கிறிஸ்துமஸுக்கு உறவினர் அத்தனை பேருக்கும் பரிசு. மறு வருஷம் விருந்தாளி யாரும் வருவதில்லை. அந்தச் செலவும் மிச்சம்.

ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி குளிரில் எரிபொருள் தொட்டிக்குள் நெய்யாக உறைந்துவிடுகிறது. அதற்கும் வழி உண்டு. தொட்டியைச் சுற்றி மின்சார ஹீட்டர் கட்டியாயிற்று. ராத்திரியில் குடும்பமே போர்வையோடு போய்த் தொட்டியை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது.