ஆம்பிளிஃபயர் பெட்டி இலக்கணம்

பாயிரம்

நூலின் பெயர், வழி, எல்லை, பயன் ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. பெயர் மேலே இருக்கிறது. வழி, கைவழி: வீட்டு ஆம்பிளிஃபயருக்கு இரண்டு பெட்டி செய்து இரண்டிலும் தோற்று, மூன்றாவதற்குப் படம் வரைந்த அனுபவம். எல்லை, வடமேற்கே அறந்தாங்கி பீரோ பட்டறை, தென்கிழக்கே மீமிசல் உப்புக்காற்று, நடுவில் ஆவுடையார்கோவில். பயன் என்ன என்று என் மனைவியும் கேட்டாள். அந்தக் கேள்வி நிலுவையில் உள்ளது.

இத்துறையில் முன்னோர் நூல் இல்லை. சர்க்யூட் புத்தகங்கள் டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் என்று வயிற்றைப் பற்றியே பேசி முடிந்துவிடுகின்றன. தோலைப் பற்றி ஒரு வரி கிடையாது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் போர்டு ஒரு கடை, டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கடை. பெட்டி கேட்டால் இன்னொரு கடைக்குக் கைகாட்டுவார்கள். அங்கே கிடைப்பது ஏற்கெனவே ஓட்டை போட்ட தகரம். பேஸ், ட்ரெபிள், மைக், எக்கோ என்று அச்சடித்தும் இருக்கும். நம் சர்க்யூட்டில் எக்கோ கிடையாது. ஓட்டை இருக்கிறதே! ஒன்றுக்கும் இணைக்காத திருகியை அதில் பொருத்தி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வோர் உளர். நானும் ஒருவன்.

சொல்லியல்

ஆம்பிளிஃபயருக்கும் ஒலிபெருக்கி என்கிறோம், ஸ்பீக்கருக்கும் ஒலிபெருக்கி என்கிறோம். பெருக்குவது எது, பெருக்கியதைக் கொட்டுவது எது என்று தமிழ் இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டில் பெருக்குவது யார் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆம்ப் உடையவன் ஆம்புடையான். அதுவே ஆம்படையான் ஆயிற்று என்று எழுத ஆசைதான். அகமுடையான் என்ற சொல் குறுக்கே நிற்பதால் விட்டுவிடுகிறேன். பல ஆய்வாளர்கள் இவ்வளவு கூட விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த ஆய்வுக்கு ஆவுடையார்கோவில் களமானது நான் இங்கே குடியிருப்பதால் மட்டும் அல்ல. திருப்பெருந்துறை என்ற பெயரும் உடைய இவ்வூரின் ஆத்மநாதர் சன்னதியில் ஆவுடையார் உண்டு, லிங்கம் இல்லை. உள்ளே உறைவது அருவம். கண்ணுக்குத் தெரிவது பீடம். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் இந்தக் கோவிலுக்குச் செலவழித்தார் என்பது ஊர் அறிந்த கணக்குக் குளறுபடி. (எல்.இ.டி. பல்பு வாங்கக் கொடுத்த பணத்தில் நான் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியதை இதோடு ஒப்பிடக்கூடாது. ஒப்பிட்டுப் பார்த்தேன், வீட்டில் எடுபடவில்லை.) பாட்டும் அருவம்தான். பாட்டைக் கேட்க வருகிறவன் கண்ணால் பார்ப்பது பெட்டியை மட்டுமே. ஆகவே பெட்டியே முதற்பொருள் என்று கொள்க.

போலியியல்

கோவிலின் கொடுங்கையைப் பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து அண்ணாந்து பார்க்கவும். மழைநீர் வடியும் அந்த வளைந்த கூரை விளிம்பு கருங்கல். ஆனால் மரச்சட்டம், அதன்மேல் கம்பி, கம்பியைப் பிடித்திருக்கும் ஆணித்தலை என எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மரமா கல்லா என்று சந்தேகப்பட்ட வெள்ளைக்காரன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. கல், மரம் போல நடிக்கிறது. என் முதல் பெட்டியில் மரத்தூள் பலகை, மேலே ஒட்டிய மைக்காவின் தயவில் தேக்கு போல நடித்தது. இதைச் சோதிக்கத் துப்பாக்கி தேவைப்படவில்லை. ஈரத்துணியால் துடைத்தார்கள், நான்காம் நாள் ஓரம் இட்லி போல உப்பிவிட்டது.

இன்னொரு நுட்பம். தச்சர் ஒட்டும் மைக்காவில் மைக்கா கிடையாது, தாளும் பசையும்தான். உள்ளே 2என்3055 டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கிற கண்ணாடி போன்ற மெல்லிய தகடுதான் அசல் மைக்கா. அந்த டிரான்சிஸ்டரின் உலோக உடம்பே அதன் கலெக்டர். நடுவில் இருக்கும் மைக்கா கிழிந்தால் தகரப் பெட்டி முழுக்க மின்சாரம் ஏறும். பொய் மைக்கா ஊர் பார்க்க மினுங்குகிறது, மெய் மைக்கா இருட்டில் டிரான்சிஸ்டரின் உயிரைக் காக்கிறது.

சூட்டியல்

மரத்தைக் கைவிட்டுத் தகரத்துக்கு வந்த காரணம் சூடு. ஆம்பிளிஃபயர் இழுக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கு பாட்டாகும், மிச்சம் சூடாகும். என்னுடையது 12-0-12 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு 12-ஐயும் கூட்டி ஆம்பியரால் பெருக்கிப் பார்த்தால் 48 வாட் வருகிறது. முன்தகட்டில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சடித்திருக்கிறது. இதை உயர்வு நவிற்சி அணியில் சேர்க்க.

சுமார் 20 வாட் சூடு என்று வைத்துக்கொள்வோம். வாட்டுக்கு 2 டிகிரி ஏறும் ஹீட்சிங்க். 40 டிகிரி ஏற்றம். அட்டவணைகள் 25 டிகிரியிலிருந்து தொடங்குகின்றன. அதன்படி 65 டிகிரி, கவலையில்லை. ஆனால் ஆவுடையார்கோவிலில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. சித்திரை மத்தியானம் 38 என்று குறைத்தே வைத்தாலும் 78. மூடிய பெட்டிக்குள் காற்றே 55 டிகிரிக்குப் போய்விட்டால் 95. அதே 2என்3055-க்கு 115 வாட் தாங்கும் சக்தி என்று போட்டிருப்பதும் உடம்பு 25 டிகிரியில் இருந்தால்தான். அதற்கு மேல் டிகிரிக்கு 0.657 வாட் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

விடை கோவிலிலேயே இருந்தது. ஆத்மநாதருக்குப் புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் படைக்கிறார்கள். சூடான சோற்றிலிருந்து எழும் ஆவிதான் நைவேத்தியம். ஆவி மேலேதான் போகும். ஆகவே பெட்டியின் அடியில் ஓட்டை, மேலே ஓட்டை; கீழிருந்து காற்று நுழைய உயரமான ரப்பர் கால். பக்கவாட்டில் மட்டும் அழகுக்குத் துளை போட்டால் சூடு உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

உயிரியல்

ஓட்டை போட்டதும் உயிர்கள் வந்தன. ஐ.பி. 20 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. 12.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருளும் மனித விரலும் உள்ளே போகாது என்பது அந்த 2-இன் பொருள். கரப்பான், பல்லி பற்றி அது வாய் திறக்கவில்லை. அத்தரம் வகுத்தவர்கள் வீட்டில் பல்லி இல்லை போலும். இதே கோவிலில் அம்மன் யோகாம்பாளின் பாதங்களைப் பலகணி வழியாகத்தான் தரிசிக்க முடியும். பார்வை போகும், ஆள் போக முடியாது. அதே தத்துவத்தில் கொசுவலை வைத்து அடித்தேன். பல்லி நின்றது. ஒரு மாதத்தில் தூசி அடைத்துக் காற்றும் நின்றது.

மேற்புறவியல்

ஆனால் இதுவரை சொன்ன எதுவும் பெட்டியைக் கொல்லவில்லை. கொன்றது மேற்புறம்.

தமிழ் வீட்டில் சமதளமாக இருப்பது எல்லாம் அலமாரி. இரண்டாவது பெட்டி வந்த அன்றே அதன்மேல் ஓரத்தில் பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணி போர்த்தப்பட்டது. "தூசி படியுதுல்லங்க." மறுநாள் ஈ.பி. கார்டு, சீப்பு, டார்ச். ஒரு வாரத்தில் ரேஷன் கார்டும் கல்யாணப் பத்திரிகைகளும். ஓட்டைகள் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று ஒரு தட்டு நிறைய வடகம். "சூடு சும்மாதானே போகுது." பாட்டு அரை மணி நேரம் கேட்டது. வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது.

இங்கேதான் ஆய்வு தன் உச்சத்தைத் தொட்டது. கொடுங்கையின் மேல் எதுவும் வைக்க முடியாது, வைத்தால் வழுக்கும். ஆகவே பெட்டியின் மேற்புறம் கொடுங்கை போல் வளைந்து சரிய வேண்டும், விளிம்பு முன்னால் நீண்டு லேசாக உள்ளே மடங்க வேண்டும், அந்த மடிப்பின் நிழலில் ஓட்டைகள். துணி வழுக்கும், சீப்பு வழுக்கும், வடகம் நினைத்தே பார்க்க முடியாது. 20 கேஜ் தகடு என்று குறித்து, படம் போட்டு, அறந்தாங்கியில் ஒரு பீரோ பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பட்டறைக்காரர் படத்தை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், டீ வரவழைத்தார்.

"சார், பீரோ சொல்லுங்க, கட்டில் சொல்லுங்க, சாமி அலமாரி சொல்லுங்க, செஞ்சு தர்றேன். இந்த வளைவு மட்டும் நம்மால ஆகாது. எழுதி வேணும்னாலும் குடுத்துடுறேன்."

புறனடை

அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோவில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோவில் கொடுங்கை ஆகியவை நீங்கலாக எந்த வேலையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். பீரோ பட்டறைக்காரர் அதைப் படித்தவர் அல்லர். படிக்காமலே சொன்னார்.

தற்சமயம் ஆம்பிளிஃபயர் பெட்டி இல்லாமல் ஒரு பலகைமேல் ஓடுகிறது. சூடே இல்லை. 230 வோல்ட் திறந்து கிடப்பதால் பேரன் வரும் நாட்களில் பரண்மேல் ஏறிவிடும். 20 கேஜ் தகட்டைக் கொடுங்கை போல வளைக்கத் தெரிந்த பட்டறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சித்திரைக்கு முன் தெரிந்தால் நல்லது. வடகம் போடத் தொடங்கிவிடுவார்கள்.