பெரியண்ணனும் நம்ம பேப்பரும்

அமெரிக்கா சிங்கப்பூரர்களான நமக்கு முறைப்படியான கூட்டாளி நாடு இல்லை. 2005 முதல் நாம் அதற்கு ‘முக்கியப் பாதுகாப்பு ஒத்துழைப்புப் பங்காளி’. கல்யாணம் ஆகவில்லை, ஆனால் சாங்கி கடற்படைத் தளத்தில் அவர்கள் கப்பலுக்கு இடம் உண்டு, 2035 வரை. இப்படியொரு உறவுக்குத் தலைப்பு போடுவது லேசுப்பட்ட வேலையா?

அதனால்தான், அவர்கள் குண்டு எங்கே விழுந்தாலும் நம் நாளிதழ்களில் முதலில் அதிர்வது எண்ணெய் விலை. பிறகு பங்குச் சந்தை. கடைசியில் ஒரு பேராசிரியர் வந்து, நிலைமை சிக்கலானது என்பார்.

2018 ஜூனில் அமெரிக்க அதிபர் டிரம்பும் வடகொரியத் தலைவர் கிம்மும் நம் செந்தோசாவில் சந்தித்தார்கள். இறால் காக்டெயில், யாங்சோவ் ஃப்ரைட் ரைஸ், வெனிலா ஐஸ்கிரீம் என்று மதியச் சாப்பாடு வரிசையாக அச்சில் வந்தது. பேப்பரைக் குறை சொல்லக்கூடாது. கூட்டறிக்கையைவிட அந்த மெனுவில்தான் விவரம் அதிகம்.

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் நமக்கும் 10 விழுக்காடு வரி அறிவித்தார். இத்தனைக்கும் 2004 முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்கப் பொருளுக்கு நாம் இறக்குமதி வரியே போடுவதில்லை. ஏப்ரல் 8 அன்று பிரதமர் லாரன்ஸ் வோங், நண்பருக்கு நண்பர் செய்கிற காரியமா இது என்ற தொனியில் நாடாளுமன்றத்தில் பேசினார். பேப்பர் கட்டுரைகளுக்கும் சட்டென்று ரோஷம் வந்தது.

தேக்கா உணவுக்கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்: “பேப்பர்லயே வந்துருச்சாண்ணே? அப்ப இனி நாமளும் திட்டலாம்.”