லெக் ஃபிங்கர்

இடுப்புக்குக் கீழே ஆரம்பித்துப் பெருவிரல் நகம் வரைக்கும் நமக்கு எல்லாம் கால்தான். நடுவில் முட்டி, கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று ஸ்டேஷன்கள் உண்டு. ஆனால் லைன் ஒன்று, பீச்–தாம்பரம் மாதிரி. வெள்ளைக்காரன் கணுக்காலில் வண்டி மாறிவிடுகிறான். அதுவரைக்கும் லெக், அப்புறம் ஃபுட். விரலுக்குக்கூட மேலே ஒரு பேர், கீழே ஒரு பேர். சேலையூரில் ஒரு கிளினிக்கில் என் மாமியார் "லெக் ஃபிங்கர் பெயின், டாக்டர்" என்றபோது, கூட வந்த என் மகள் முகத்தை போனுக்குள் புதைத்துக்கொண்டாள். டாக்டர் அசரவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கிரிக்கெட்டில் பந்து ஷூ நுனியில் பட்டாலும் லெக் பிஃபோர்தான். 1999 டிசம்பரில், அடிலெய்டில், மெக்ராத் பந்துக்குக் குனிந்த சச்சினுக்கு அடி விழுந்தது தோளில். அம்பயர் டேரில் ஹார்ப்பர் விரலைத் தூக்கினார், ஸ்கோர்கார்டில் எல்.பி.டபிள்யூ. தோளையே லெக்காக்கிய பாஷையில் என் மாமியாரின் கால்விரலுக்கு இடமில்லையாமா?

நிஜமான கலவரம் ஹிப்பில்தான். முதுகின் அடியில் பிடித்துக்கொண்டால் நமக்கு அது இடுப்பு வலி. ஆகவே ஹிப் பெயின். இந்தப் பக்கத்து டாக்டர்களுக்கு இது அத்துப்படி; "எங்கேன்னு தொட்டுக் காட்டுங்கம்மா" என்பதோடு மொழிப் பிரச்சினை தீர்ந்துவிடும். போனில் எப்படித் தொட்டுக் காட்டுவது? வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் மாமியார் "ஹிப்புல பிடிச்சிக்கிச்சுடா" என்று சொல்லிவிட்டார். அவன் அங்கே மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடச் சொல்லி, டிக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். மாமியார் அதற்குள் தைலம் தேய்த்துக்கொண்டு கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

தமிழில் சொல் பஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ரயில் பாதையே உடம்பில் ஓடுவதுதான். குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை, அது தோல். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம், அது நுரையீரல். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்காக ஆரம்பித்தது, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதை ஒட்டியே 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். சித்த மருத்துவக் கணக்கில் உடம்பில் வர்மங்கள் 108. அத்தனைக்கும் தனித்தனிப் பெயர். கால் எது, பாதம் எது என்று இங்கிலீஷ்காரன் நமக்குப் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை. கெண்டைக்காலில் நாம் மீனைப் பார்த்தோம். அவன் அதே இடத்தில் கன்றுக்குட்டியைப் பார்த்திருக்கிறான். பசிக்குத் தகுந்த பார்வை.

சில சொற்கள் இங்கே வந்த பிறகுதான் சோபிக்கின்றன. மேடவாக்கம் ஜிம்களில் தொடைக்கு 'தை' என்று பேர். ஜனவரி முதல் தேதி ஆவேசமாகப் பணம் கட்டிச் சேர்கிறவர்களை உட்கார்ந்து எழுந்திரு, உட்கார்ந்து எழுந்திரு என்று இரண்டு வாரம் பிழிகிறார்கள். பொங்கலன்று பாதிப் பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் மாடிப்படி இறங்குகிறார்கள். தை பிறந்தால் வலி பிறக்கும். எங்கள் பக்கம் ழகரம் அவ்வளவாக நடமாடாததால், பழமொழியில் திருத்தம்கூடத் தேவைப்படவில்லை.