டைம்டேபிள் டாக்டர்

பி.டி.எஸ். நான்கு வருடம், சி.ஆர்.ஆர்.ஐ. பயிற்சி ஒரு வருடம் என்று கல்லூரியை விட்டு வெளியே வந்து, பல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். எழுதக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒரு தனி இனம் உண்டு. டைம்டேபிள் டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். இவருக்குப் படிப்பு அட்டவணையில் தொடங்கும். அட்டவணை முடிந்ததும் அன்றைய படிப்பும் முடிந்துவிடும்.

சாதாரண அட்டவணை என்று நினைத்துவிட வேண்டாம். எக்செல் ஷீட். பாடத்துக்கு ஒரு நிறம். ஓரல் பேத்தாலஜிக்கு ஊதா, கன்சர்வேட்டிவுக்கு அமால்கம் சாம்பல், பெரியோவுக்கு ஈறு நிறம். இந்த ஈறு நிறத்தில்தான் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. ஆரோக்கியமான ஈறு பவள இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகம். எக்செல்லில் அகப்பட்டதோ ஜிஞ்ஜிவைடிஸ் முற்றிய சிவப்பு. மனசாட்சியுள்ள எந்தப் பல் டாக்டர் அதை ஏற்பார்? சரியான நிறம் அமைந்தபோது மணி பதினொன்றரை. பெரியோவில் ஒரு வரி படிக்கவில்லை. ஆனால் பெரியோவோடு ஒரு மாலை செலவழித்த திருப்தி இருந்தது.

காலை 4.30 எழுதல். 4.30 முதல் 4.32 வரை பல் துலக்கல். இரண்டு நிமிடம் துலக்க வேண்டும் என்று பேஷண்டுகளுக்கு ஓதுகிறவர், தமக்கு மட்டும் மூன்று எடுத்துக்கொள்வாரா? 4.40 வரை குளியல். 4.40க்கு அனாடமி. டிபனுக்குப் பதினைந்து நிமிடம், மதியத் தூக்கத்துக்கு இருபது. எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அம்மாவுக்கு மட்டும் இல்லை. அம்மாவோ வீட்டில்தான் இருக்கிறார்.

"தம்பி, சிலிண்டர் வந்திருக்கு, கொஞ்சம் உள்ள தூக்கி வச்சிட்டுப் போப்பா."

"அம்மா, பயோகெமிஸ்ட்ரி ஓடுது."

"அது ஓடட்டும்பா. சிலிண்டர்காரர் நிக்கிறாரு."

சிலிண்டர் உள்ளே வருவதற்குள் எதிர்வீட்டு மாமாவும் பின்னாலேயே வருவார். கடைவாயில் வலியாம், ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதுமாம். மாமா வாயைத் திறந்தபடியே கேட்பார்: "மேல படிச்சாத்தான் முழு டாக்டராமே?" பயோகெமிஸ்ட்ரிக் கட்டம் காலாவதி. சிவப்பு அம்புக்குறி போட்டு அதை ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்துவார் டாக்டர். ஞாயிறு இவருடைய அட்டவணையில் 'பேக்லாக் டே'. வாரம் முழுக்க விழுந்த அம்புகளைப் பார்த்தால் குருக்ஷேத்திரத்தின் பத்தாம் நாள் ஞாபகம் வரும்.

அட்டவணைப் புலி என்பதால் தேர்வைப் பற்றி அறியாதவர் என்று நினைத்தால் தப்பு. 240 கேள்வி, 960 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறினால் 1 போய்விடும். ஒரு கேள்விக்கு 45 விநாடி என்று வகுத்தும் வைத்திருக்கிறார். முதல் பகுதியின் 100 கேள்விகளில் பெரும்பாலானவை முதலிரண்டு வருடத்தோடு தலைமுழுகிய அனாடமி, ஃபிசியாலஜி வகையறா என்பதும் தெரியும். தெரிந்ததால்தான் அதிகாலை 4.40ஐ அனாடமிக்குத் தாரை வார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் விழித்திருந்ததற்குத்தான் சாட்சி இல்லை. பி.டி. சௌராசியாவின் அனாடமிப் புத்தகம் வாங்கிய வாசனை மாறாமல் அலமாரியில் இருக்கிறது. பிடித்த பாடமான ஆர்த்தோவை மட்டும் மூன்று முறை முடித்துவிட்டார். ஆங்கிளின் வகைப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

விஞ்ஞான ஆதாரமில்லாமல் இவர் ஒரு கட்டம்கூடப் போடுவதில்லை. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தாமே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து 1885இல் புத்தகம் போட்டார். நம் டாக்டர் உருப்போடும் பகுதியை அவரிடமே விட்டுவிட்டு, மறதி வளைகோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். படித்ததை 1ஆம் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் திருப்ப வேண்டும் என்று ஃபார்முலா போட்டார். மூன்று வாரம் தாண்டியதும் ஒவ்வொரு நாளும் நான்கு பழைய நாட்களைச் சுமக்க ஆரம்பித்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளுக்கு 27 மணி நேரம். அன்றிரவு அவர் மறதியைப் பற்றிக் கவலைப்படவில்லை. குளியலை எட்டு நிமிடத்திலிருந்து ஐந்தாக்கினார்.

இந்த விஷயத்தில் அவர் தனியாள் இல்லை. திட்டம் போடும்போது மனிதர்கள் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதினார்கள். 1994இல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால்? சுமார் 49 என்றார்கள். ஆனது 55க்கு மேல். எல்லாம் கெட்டுப்போனாலும் எவ்வளவு ஆகும் என்ற கணக்கும் போதவில்லை. கனடா மாணவர்களுக்கு எதிர்வீட்டு மாமா உண்டா என்பதை ஆய்வு சொல்லவில்லை.

மாலை 5 முதல் 9 வரை பக்கத்துத் தெரு கிளினிக்கில் அசிஸ்டென்ட் வேலை. அட்டவணைப்படி 9.15க்கு ஃபார்மகாலஜி. ஆனால் எந்தக் கிளினிக்கிலும் 8.50க்கு ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். மூன்று நாளாக வலியாம், இன்றுதான் நேரம் கிடைத்ததாம். எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்து, பல்லைத் திறந்து, ரூட் கெனாலின் முதல் சிட்டிங்கை முடிக்கும்போது மணி பத்தரை. ஊசியில் போட்ட லிக்னோகெய்னை அன்று கையால் படித்தாயிற்று என்று ஃபார்மகாலஜிக் கட்டத்தில் டிக் போடுவார். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளினிக் டாக்டர், பேஷண்ட், மாமா, அம்மா என எல்லோரும் அவர் நேரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். சொன்ன பேச்சுக் கேட்கிற ஒரே ஜீவன் அந்த எக்செல்தான்.

அட்டவணை உடைந்தால் மறுநாளே தொடர்வது இவர் வழக்கமில்லை. நல்ல நாள் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை, இல்லாவிட்டால் 1ஆம் தேதி. ஆடி மாதம் ஆகாது. சித்திரை 1 ஏகப் பொருத்தம். வருடத்தில் ஒரே ஒரு நாள் அட்டவணை நூற்றுக்கு நூறு நிறைவேறும்: சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் தொடக் கூடாது என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறார்.

ஒருமுறை வைராக்கியம் வந்து, ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து லேமினேஷனும் செய்துவிட்டார். இனி மாற்றவே முடியாது என்று நண்பர்களுக்கும் அறிவித்தார். அப்புறம் தேர்வுத் தேதியே மாறிப்போனது. 2022 தேர்வு மார்ச் 6 என்று சொல்லப்பட்டு மே 2 அன்று நடந்தது. 2024 தேர்வு பிப்ரவரி 9 என்று சொல்லப்பட்டு மார்ச் 18 அன்று நடந்தது. தள்ளிவைப்புச் செய்தி வந்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். இவரோ அன்றைக்கே புது ஷீட் திறந்துவிடுவார்.

பல்லுக்குக்கூட ஒரு டைம்டேபிள் இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாத வாக்கில் கீழ் முன்பல், ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே இருந்தாலும் எல்லாம் ஒழுங்காக வந்து நிற்கும். ஞானப்பல் மட்டும் 17 வயதுக்குமேல் எப்போது வேண்டுமானாலும் வரும், கோணலாக வரும், வராமலே இருந்தும்விடும். டாக்டருக்கு ஞானப்பல்லின்மேல் தனிப் பிரியம். அதைப் பிடுங்கச் சொன்னால் கை கூசும் என்பது கிளினிக் நர்ஸின் சாட்சியம்.

எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவுகள். அதில் எல்லோரும் முட்டிமோதும் ஆர்த்தோவே, இவருடைய வகுப்புத் தோழி ஒருத்திக்கு அரசுக் கல்லூரியில் கிடைத்துவிட்டது. செய்தி கேட்டதும் டாக்டர் போன் போட்டார்.

"வாழ்த்துகள்டி. உன் டைம்டேபிளைக் கொஞ்சம் அனுப்பேன்."

"டைம்டேபிளா? பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்ப்பேன்டா. தப்பானதை மட்டும் ஒரு நோட்டுல எழுதுவேன். மறுநாள் அந்த நோட்டை எடுப்பேன். அவ்வளவுதான்."

"காலைல எத்தனை மணிக்கு எழுந்த?"

"தூக்கம் கலைஞ்சப்ப."

டாக்டர் போனை வைத்துவிட்டு நண்பனிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "மறைக்கிறாடா. இல்லாம எப்படி?" அரை மணி நேரம் யோசித்தார். பிறகு, ஒருவேளை நிஜமாகவே இல்லையோ என்று தோன்றியதும் மனம் இளகிவிட்டது. பாவம், எந்த ஒழுங்கும் இல்லாமல் இத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்கிறாள். தம்முடைய ஷீட்டின் புதிய பதிப்பை, ஈறு நிறம் உட்பட, அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். கீழே ஒரு வரியும் சேர்த்தார்: 'இனிமேலாவது யூஸ் பண்ணிக்கோ.'